டாகன்ஹாமில் பிறந்தவர்களும் வந்து சேர்ந்தவர்களும்: இரு உலகப் போர்களுக்கு இடையே ஓர் ஆங்கிலப் புறநகரின் மக்கள்தொகை

லண்டனுக்குக் கிழக்கே, தேம்ஸ் ஆற்றின் வடகரையில், எசெக்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்த டாகன்ஹாமில் 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது வாழ்ந்தவர்கள் 9,127 பேர். அன்று அது காய்கறித் தோட்டங்களும் வயல்களும் ஆற்றோரச் சதுப்பு நிலமும் சூழ்ந்த ஊர். பத்தாண்டு கழித்து, 1931 ஏப்ரல் 26ஆம் தேதி எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் அங்கே 89,362 பேர் இருந்தார்கள். வளர்ச்சி 879 விழுக்காடு. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட இங்கிலாந்தின் புறநகர்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த எண்ணைச் சொல்லி வியந்துவிட்டு, வீடுகளின் அமைப்புக்கும் தோட்டங்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் போய்விடுகிறார்கள். அந்த 80,000 பேர் எப்படி வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் அங்கேயே பிறந்தவர்கள், எத்தனை பேர் அங்கே இறந்தார்கள், எத்தனை பேர் வந்து தங்காமல் திரும்பினார்கள் என்று கேட்டுப் பார்த்தால்தான் அந்தப் புறநகரின் உண்மையான தன்மை தெரியவரும்.

ஓர் ஊரின் மக்கள்தொகை மாறுவதற்கு மூன்றே வழிகள் உண்டு: பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு. பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்தால் கிடைப்பது இயற்கைப் பெருக்கம். மொத்த வளர்ச்சியிலிருந்து அதையும் கழித்தால் மிஞ்சுவது, வந்தவர்களுக்கும் போனவர்களுக்கும் உள்ள வித்தியாசம். டாகன்ஹாமின் பத்தாண்டு வளர்ச்சி 80,235. தாராளமாகவே ஒரு மதிப்பீடு செய்து பார்ப்போம். பத்தாண்டுச் சராசரி மக்கள்தொகையை 49,000 என்றும், ஆண்டுதோறும் ஆயிரம் பேருக்கு 20 என்ற அளவில் பிறப்பு இறப்பை விஞ்சியது என்றும் வைத்துக்கொண்டாலும், பத்தாண்டின் இயற்கைப் பெருக்கம் 10,000-ஐத் தொடாது. அதாவது, புதிதாகச் சேர்ந்த எட்டுப் பேரில் ஏழு பேராவது வெளியிலிருந்து வந்தவர்கள். ஆனால் குடிபெயர்வே எல்லாம், பிறப்பும் இறப்பும் பொருட்டல்ல என்று இதைப் படித்துவிடக் கூடாது. வந்தவர்கள் யார், எந்த வயதினர் என்பதுதான் பிறகு அங்கே எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு என்பதைத் தீர்மானித்தது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது முதன்மையாக இதைத்தான்: புறநகரின் உயர்ந்த பிறப்பு வீதமும் தாழ்ந்த இறப்பு வீதமும் பெரும்பகுதி அந்த இடத்தின் குணமல்ல, குடிவந்தவர்களின் வயது.

வந்தவர்கள் யார் என்பதை முடிவு செய்தது ஒரு நிர்வாக ஏற்பாடு. முதல் உலகப் போர் முடிந்ததும், 1919ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் உள்ளாட்சி மன்றங்கள் வாடகை வீடுகளைக் கட்டுவதற்கு அரசின் மானியத்தைக் கொண்டுவந்தது. லண்டன் நகரின் உள்ளாட்சி மன்றமான லண்டன் கவுண்டி கவுன்சில் தன் எல்லைக்கு வெளியே, பார்க்கிங், டாகன்ஹாம், இல்ஃபர்ட் ஆகிய மூன்று ஊர்களின் நிலப்பரப்பில் பெகன்ட்ரீ என்ற பெருங்குடியிருப்பைத் தொடங்கியது. 1921இல் முதல் வீடுகள் நிறைவடைந்தன. 1930களின் நடுப்பகுதிக்குள் சுமார் 26,000 வீடுகள் எழுந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குடியேறிய இது, அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய பொது வீட்டுவசதிக் குடியிருப்பு என்று பெயர் பெற்றது. உள்ளே குளியலறை, முன்னும் பின்னும் தோட்டம், வீட்டுக்கு வீடு தனி வாசல். லண்டனின் கிழக்குப் பகுதியில் ஒரு வீட்டை இரண்டு மூன்று குடும்பங்கள் பகிர்ந்துகொண்டு, தெருமுனைக் குழாயிலோ முற்றத்திலோ தண்ணீர் பிடித்து வாழ்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை எந்த வீதமும் சொல்லாது.

ஆனாலும் அந்த வீட்டுக்கு யாரும் நினைத்தவுடன் போய்விட முடியவில்லை. வாடகை பழைய அறைகளுக்குக் கொடுத்ததைவிட அதிகம். நகரத்து வேலைக்குப் போய்வரும் ரயில் கட்டணம் தனி. ஆகவே நிலையான சம்பளம் உள்ள, திறன் பெற்ற தொழிலாளர் குடும்பங்களே முதலில் இடம் பெற்றன. வீட்டுத் தேவைக்கு முன்னுரிமை பெற்றவர்களோ, சிறு குழந்தைகளோடு நெருக்கடியில் வாழ்ந்த இளம் பெற்றோர். முதியவர்களும் நோயாளிகளும் வேலையற்றோரும் பெரும்பாலும் பழைய தெருக்களிலேயே தங்கிவிட்டார்கள். இந்த வடிகட்டலின் விளைவாக உருவான புது ஊரில் முப்பது வயதை ஒட்டிய தாய் தந்தையரும் அவர்களது பிள்ளைகளும் நிறைந்திருந்தார்கள். தாத்தா பாட்டிகள் அரிது. வீடுகள் எழுந்த வேகத்துக்குப் பள்ளிகள் எழவில்லை என்பது 1920களில் அங்கே ஓயாத புகார்.

இப்படிப்பட்ட ஊரில் பிறப்பு வீதத்தைக் கணக்கிட்டால் என்ன கிடைக்கும்? வழக்கமான முறை எளிது: ஓர் ஆண்டில் பிறந்த குழந்தைகளை ஊரின் மொத்த மக்கள்தொகையால் வகுத்து, ஆயிரத்துக்கு இத்தனை என்று சொல்வது. வகுக்கும் எண்ணில் முதியவர், சிறுவர், மணமாகாதவர் எல்லாரும் அடங்குவார்கள். குழந்தை பெறும் வயதிலுள்ள மணமான பெண்களின் பங்கு எங்கே கூடுதலோ, அங்கே வீதமும் கூடுதலாகவே தெரியும்; ஒவ்வொரு தாயும் முன்னைவிடக் குறைவான குழந்தைகளைப் பெற்றாலும் அப்படித்தான் தெரியும். இதற்கு நேர்மாறான காட்சியை ரிச்மண்ட், ஹாம்ஸ்டெட் போன்ற பழைய வசதியான பகுதிகளில் காணலாம். அங்கே மணமாகாத பெண்களும், வீட்டோடு தங்கி வேலை செய்த இளம் பணிப்பெண்களும், கணவனை இழந்த முதிய பெண்களும் மிகுதி. அவர்கள் அனைவரும் வகுக்கும் எண்ணில் ஏறிக்கொண்டு, பிறப்பு வீதத்தைக் கீழே இழுத்தார்கள்.

நாடு முழுவதற்குமான நிலையோ வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1920இல், போரிலிருந்து ஆண்கள் திரும்பிய கையோடு, ஏறத்தாழ 9 லட்சத்து 58 ஆயிரம் குழந்தைகள் பிறந்தார்கள். ஆயிரம் பேருக்கு 25.5. பதின்மூன்று ஆண்டுகளுக்குள், 1933இல், அது சுமார் 5 லட்சத்து 80 ஆயிரமாக, ஆயிரத்துக்கு 14.4ஆகச் சரிந்தது. ஒரு தலைமுறை தன்னைத்தானே ஈடுசெய்துகொள்ளத் தேவையான அளவுக்கும் கீழே பிள்ளைப்பேறு இறங்கிவிட்டது என்று புள்ளியியலாளர்கள் எச்சரித்தார்கள். நாட்டின் மக்கள்தொகை சுருங்கப்போகிறது என்ற அச்சம் 1930களின் நடுவில் நாளிதழ் வரை வந்தது. அந்த அச்சம் பரவிய அதே ஆண்டுகளில் லண்டனைச் சுற்றிலும் புதுத் தெருக்களில் தள்ளுவண்டிக் குழந்தைகளும் நெரிசலான வகுப்பறைகளும் கண்ணுக்குத் தெரிந்தன. இரண்டும் ஒரே காலத்தில் உண்மையாக இருந்தன. இளம் குடும்பங்கள் ஓரிடத்தில் குவிந்ததால் குழந்தைகளும் அங்கே குவிந்தார்கள். அவர்கள் விட்டுவந்த இடங்களில் அதே அளவுக்குப் பிறப்பு குறைந்தது. நாட்டின் கணக்கில் கூட்டல் எதுவும் நடக்கவில்லை.

இந்த இடத்தில் டாகன்ஹாமை விட்டு லண்டனின் வடமேற்குப் பக்கம் சற்றுப் போய்வர வேண்டும், ஏனென்றால் புறநகர் என்பது ஒரே வகையல்ல. இரு போர்களுக்கு இடையே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கட்டப்பட்ட ஏறத்தாழ 40 லட்சம் வீடுகளில் சுமார் 11 லட்சம் மட்டுமே உள்ளாட்சி மன்றங்களுடையவை. மற்றவை தனியார் கட்டியவை, பெரும்பாலும் கடனில் விற்கப்பட்டவை. மெட்ரோபாலிட்டன் ரயில்வேயின் பாதையை ஒட்டி வெம்பிளி, ஹாரோ, பின்னர் (Pinner) முதலிய ஊர்கள் வளர்ந்தன. மிடில்செக்ஸ் மாவட்டத்தின் மக்கள்தொகை 1921இல் சுமார் 12 லட்சத்து 53 ஆயிரமாக இருந்து, 1931இல் சுமார் 16 லட்சத்து 39 ஆயிரமாக, அதாவது 31 விழுக்காடு உயர்ந்தது. ஹெண்டன் பத்தாண்டில் இரு மடங்கானது. இன்று லண்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலவும் ஹாரோவிலும் வெம்பிளியிலும் அந்த நாட்களில் கட்டப்பட்ட இரட்டை வீடுகளில்தான் குடியிருக்கின்றன. அந்தத் தெருக்களின் அளவும் அறைகளின் எண்ணிக்கையும் அன்றைய குடும்ப அளவை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை.

அங்கே வீடு வாங்கியவர் அலுவலக எழுத்தர், ஆசிரியர், வங்கி ஊழியர், கடை மேலாளர் போன்றோர். சிறு முன்பணம் கட்டிவிட்டு, வீட்டுக்கடன் சங்கத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் மாதத் தவணை செலுத்தினார்கள். மணமான பெண்களை வேலையில் வைத்துக்கொள்ள வங்கிகளும் பள்ளிகளும் அரசு அலுவலகங்களும் பொதுவாக மறுத்த காலம் அது. ஆகவே திருமணத்தோடு ஒரு சம்பளம் நின்றது, முதல் குழந்தையோடு செலவு கூடியது. வீடு, படிப்பு, தவணை ஆகிய மூன்றையும் ஒரே வருமானத்தில் நடத்த வேண்டிய குடும்பம் ஒன்றிரண்டு குழந்தைகளோடு நிறுத்திக்கொண்டது. 1925 முதல் 1929 வரை திருமணம் செய்தவர்களின் இறுதிக் குடும்ப அளவை, 1944இல் அமைக்கப்பட்ட மக்கள்தொகைக்கான அரச ஆணையம் பின்னர் ஆராய்ந்தது. அதன்படி அந்தத் தலைமுறையின் சராசரி 2.2 குழந்தைகள். உடலுழைப்பு சாராத வேலையில் இருந்தவர்களுக்கு 1.7, உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு 2.5. வெம்பிளிக்கும் டாகன்ஹாமுக்கும் இருந்த வேற்றுமையின் ஒரு பகுதி இந்த 0.8 குழந்தையில் அடங்கியிருக்கிறது. ஆனால் அவர்களின் பாட்டன் காலத்தில், விக்டோரியா அரசியின் ஆட்சியின் நடுப்பகுதியில், சராசரி ஐந்துக்கும் மேல் இருந்தது என்பதோடு ஒப்பிட்டால், இரு புறநகர்களும் ஒரே திசையில்தான் நடந்திருக்கின்றன.

கருத்தடை பற்றிய பேச்சு வெளிப்படையாகத் தொடங்கிய காலமும் இதுவே. கருத்தடையை ஆதரித்துப் பேசிய மேரி ஸ்டோப்ஸ் 1921இல் வடக்கு லண்டனின் ஹாலோவேயில் தம் கருத்தடை மருத்துவமனையைத் திறந்தார். 1930இல் சுகாதார அமைச்சகம், உடல்நலக் காரணம் உள்ள மணமான பெண்களுக்கு உள்ளாட்சி மருத்துவ நிலையங்களில் கருத்தடை ஆலோசனை வழங்கலாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது. அதே ஆண்டில் ஆங்கிலிக்கன் ஆயர்களின் லாம்பெத் மாநாடு எச்சரிக்கையோடு இசைவு தெரிவித்தது. எனினும் பிறப்பு வீழ்ச்சி இவற்றுக்குப் பல பத்தாண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. மருத்துவமனைகள் குடும்பங்கள் ஏற்கெனவே எடுத்திருந்த முடிவுக்குப் பாதுகாப்பான வழியைத் தந்தன என்றே எனக்குப் படுகிறது.

இனி இறப்புக்கு வருவோம். புதுப் புறநகர்களின் சுகாதார அதிகாரிகள் ஆண்டறிக்கைகளில் தங்கள் ஊரின் தாழ்ந்த இறப்பு வீதத்தைப் பெருமையோடு குறிப்பிட்டார்கள்; வீடு விற்றவர்களும் தூய காற்றைப் பற்றிப் பேசினார்கள். நாட்டின் சராசரி அப்போது ஆயிரத்துக்குச் சுமார் 12. அதைவிடக் குறைந்த எண் ஒன்று புறநகரில் வந்தால், அது எந்த அளவுக்கு நலத்தைக் குறிக்கிறது? ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 75 பேரும், அதற்குக் கீழ்ப்பட்டவர்களில் ஆயிரத்துக்கு 7 பேரும் இறக்கிறார்கள் என்று கொள்வோம். பழைய நகரம் ஒன்றில் முதியவர்கள் 10 விழுக்காடு என்றால், மொத்த இறப்பு வீதம் 13.8 வரும். புதுக் குடியிருப்பில் முதியவர்கள் 3 விழுக்காடு என்றால் அது 9ஆக இறங்கும். இரண்டு ஊர்களிலும் எந்த வயதினருக்கும் ஆபத்து கூடவுமில்லை, குறையவுமில்லை. தூய காற்றின் பங்கு இதில் சுழியம். 1931இல் நாட்டின் மக்களில் 65 வயதைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 7 விழுக்காடு மட்டுமே என்றாலும், இந்த வயதுப் பங்கு ஊருக்கு ஊர் வெகுவாக மாறியது. கடற்கரை ஓய்வு நகரங்கள் இதற்கு மறுமுனை: நலமான இடங்கள், ஆனால் ஓய்வுபெற்றோர் நிறைந்ததால் இறப்பு வீதம் உயர்ந்தவை. வயது வாரியாகப் பிரித்து, ஒரு பொது மக்கள்தொகையின் மேல் பொருத்திப் பார்த்த பிறகே இரு ஊர்களை ஒப்பிட முடியும் என்பது அக்காலப் புள்ளியியலாளர்களுக்கு நன்றாகத் தெரியும். பெருமைப்பட்டுக்கொண்டவர்களுக்குத்தான் அது வசதிப்படவில்லை.

அப்படியானால் நல்ல வீட்டுக்கும் உயிருக்கும் தொடர்பே இல்லையா? இருந்தது, ஆனால் அது வீட்டோடு முடியவில்லை. இதை மிகத் துணிவாகக் காட்டியவர் வடகிழக்கு இங்கிலாந்தின் ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் நகரின் சுகாதார அதிகாரி ஜி. சி. எம். மெக்கோனிகல். 1927இல் அந்நகரின் சேரி ஒன்று இடிக்கப்பட்டு, அங்கிருந்த 152 குடும்பங்கள் மவுண்ட் பிளசண்ட் என்ற புதுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டன. வயதுக்கேற்பச் சீராக்கிய இறப்பு வீதம் அவர்களிடையே முந்தைய ஐந்தாண்டில் ஆயிரத்துக்குச் சுமார் 23ஆக இருந்தது. புது வீடுகளில் கழித்த ஐந்தாண்டில் 33-ஐத் தாண்டியது. இடிக்கப்படாமல் இருந்த பக்கத்துச் சேரியில் அப்படி எந்த உயர்வும் இல்லை. புது வீட்டில் வாடகை ஏறக்குறைய இரு மடங்கு. வேலையின்மை மிகுந்த ஊரில் அந்தப் பணம் உணவுச் செலவிலிருந்தே எடுக்கப்பட்டது என்று குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்து அவர் காட்டினார். மாற்றப்பட்டவர்கள் சிறிய கூட்டம் என்பதால் எண்களை அளவுக்கு மீறி நீட்டக் கூடாது. எனினும் டாகன்ஹாம் போன்ற இடங்களைப் புரிந்துகொள்ள அது இன்றியமையாத எச்சரிக்கை. அங்கே வாடகையைத் தாங்கக்கூடியவர்களே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், ஸ்டாக்டனில் அனைவரும் ஒன்றாக மாற்றப்பட்டார்கள். ஏழைகளை வெளியே நிறுத்திவிட்டுப் பெற்ற நலத்தையும் ஏழைகளோடு சேர்ந்து பெற்ற நலத்தையும் ஒரே எண்ணால் அளப்பது நியாயமாகாது.

குழந்தைகளின் இறப்பில் மட்டும் ஐயத்துக்கு இடமில்லாத முன்னேற்றம் இருந்தது, நாடு முழுவதும். 1920இல் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 80 பேர் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தார்கள். 1939இல் அது 51. நூற்றாண்டின் தொடக்கத்தில் 150-ஐ ஒட்டி இருந்த எண் அது. 1907ஆம் ஆண்டுச் சட்டமும் 1915இல் அதன் நீட்டிப்பும், பிறந்த 36 மணி நேரத்துக்குள் சுகாதார அதிகாரிக்குத் தகவல் தரவேண்டும் என்று விதித்தன. பதிவு அலுவலகத்தில் பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் இருந்தது. அதுவரை காத்திருந்தால், மிகவும் ஆபத்தான முதல் வாரங்களில் செவிலியர் எவரும் அந்த வீட்டை எட்டியிருக்க முடியாது. 1918ஆம் ஆண்டின் தாய் சேய் நலச் சட்டம் குழந்தை நல நிலையங்களுக்கு வழிவகுத்தது. புதுக் குடியிருப்பில் சுத்தமான குழாய்த் தண்ணீரும், ஈ மொய்க்காத சமையலறையும், நெரிசலற்ற படுக்கையறையும் கோடைக்கால வயிற்றுப்போக்கைக் குறைக்க உதவின. ஆனால் ஒரே வயதுப் பிள்ளைகள் இவ்வளவு பேர் ஒன்றாகக் கூடிய இடத்தில் தட்டம்மையும் தொண்டை அடைப்பானும் எளிதாகப் பரவின. தொண்டை அடைப்பானுக்குத் தடுப்பூசி அறியப்பட்டிருந்தும், நாடு தழுவிய இயக்கமாக அது போடப்பட்டது 1940 முதல்தான்; 1930கள் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் மூவாயிரம் உயிர்கள் அந்த ஒரு நோய்க்கு இரையாயின. கையில் இருந்த மருந்தைக் கொடுக்காமல் இழந்த பிள்ளைகள் அவர்கள். இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

பேறுகால மரணம் அதைவிட வேறுபட்ட கதை. சிசு மரணம் இறங்கிக்கொண்டே வந்தபோது, தாய்மாரின் இறப்பு 1930களின் நடுப்பகுதி வரை ஆயிரம் பிறப்புக்கு 4 என்ற அளவிலேயே நின்றது. சில ஆண்டுகளில் ஏறவும் செய்தது. வசதியான குடும்பங்களின் பெண்கள் தொழிலாளர் குடும்பப் பெண்களைவிட இதில் பாதுகாப்பாக இருக்கவில்லை. கருவி கொண்டு அவசரமாகப் பேறு பார்க்கும் மருத்துவரைக் கட்டணம் கொடுத்து அழைத்தது, பயிற்சி பெற்ற மருத்துவச்சியின் பொறுமையான கவனிப்பைவிட நல்லதாக அமையவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். ஆகவே இந்த ஆபத்தில் ஹாரோவின் வீட்டு உரிமையாளருக்கும் பெகன்ட்ரீயின் வாடகைக்காரருக்கும் பெரிய வேறுபாடு இருக்க வழியில்லை. 1936இல் குயீன் சார்லட் மருத்துவமனையில் லெனர்ட் கோல்புருக் பேறுகாலக் காய்ச்சலுக்கு சல்ஃபோனமைடு மருந்தைக் கொடுத்துப் பெற்ற வெற்றிக்குப் பிறகே அந்த எண் உறுதியாக இறங்கத் தொடங்கியது. அதே ஆண்டின் சட்டம் சம்பளம் பெறும் மருத்துவச்சிகளை உள்ளாட்சியின் பொறுப்பாக்கியது. இந்த வகை மருந்துகளில் நிமோனியாவுக்கு எதிராகப் பெயர்பெற்ற எம் அண்ட் பி 693, 1938இல் அறிமுகமானது. அதை உருவாக்கிய மே அண்ட் பேக்கர் நிறுவனத்தின் ஆலை 1934இல் இடம்பெயர்ந்து வந்த ஊர் டாகன்ஹாம்தான்.

இந்த எண்களை எல்லாம் உருவாக்கிய பதிவு முறையையும் சற்று அறிந்துகொள்வது நல்லது. தவறான வாசிப்புகள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன. பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்தில் பதியப்பட்டன. புதுக் குடியிருப்பில் பெரிய மருத்துவமனை இல்லாதபோது, ஒரு பெண் லண்டனின் வொயிட்சேப்பலிலோ ரோம்ஃபர்டிலோ உள்ள மருத்துவமனையில் பிரசவித்தால், அந்தக் குழந்தை அங்கேதான் பதிவாகும். தலைமைப் பதிவாளர் அலுவலகம் 1910களிலிருந்து இவற்றை வசிப்பிடத்துக்கு மாற்றிக் கணக்கிட்டது. உள்வரும் மாற்றம், வெளிச்செல்லும் மாற்றம் என்று அறிக்கைகளில் வரும் வரிகள் இதைக் குறிப்பவையே. இந்தத் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைக் கலந்து பயன்படுத்தினால், மருத்துவமனை உள்ள ஊர் மரணக் கிடங்காகவும், இல்லாத ஊர் சொர்க்கமாகவும் தோன்றும்.

அடுத்த சிக்கல் வகுக்கும் எண்ணிலேயே இருந்தது. கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு அலுவலகம் தரும் ஆண்டு நடு மதிப்பீட்டையே எல்லாரும் நம்ப வேண்டும். மாதந்தோறும் நூற்றுக்கணக்கான வீடுகள் நிரம்பும் ஊரில் அந்த மதிப்பீடு சற்றுப் பின்தங்கினாலும், பிறப்பு வீதமும் இறப்பு வீதமும் இரண்டுமே உண்மையைவிட உயர்ந்து தெரியும். சிசு மரண வீதத்துக்கு இன்னொரு நுட்பமான பிழை உண்டு: கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீனில் பிறந்து, மூன்று மாதக் கைக்குழந்தையாக டாகன்ஹாமுக்கு வந்து, அங்கே இறந்த குழந்தையின் பிறப்பு ஓர் ஊரின் கணக்கிலும் இறப்பு வேறோர் ஊரின் கணக்கிலும் விழும். வேகமாக வளரும் புறநகரில் இத்தகைய குழந்தைகள் சிலராக இருக்க மாட்டார்கள். இதோடு எல்லை மாற்றங்களும் சேர்ந்தன. 1934இல் ஹாரோ நகர்ப்புற மாவட்டம் பல பழைய ஊர் எல்லைகளை இணைத்து உருவானது. வெம்பிளி அதே ஆண்டில் கிங்ஸ்பரியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1931இன் வெம்பிளியும் 1939இன் வெம்பிளியும் ஒரே நிலப்பரப்பல்ல என்பதை மறந்துவிட்டு வளர்ச்சி விழுக்காடு கணக்கிட்ட கட்டுரைகள் குறைவல்ல.

நிகரக் குடிபெயர்வு என்ற எண்ணும் நிறைய மறைக்கிறது. டாகன்ஹாமுக்கு நிகரமாக 70,000 பேர் வந்தார்கள் என்றால், வந்தவர்கள் 70,000 மட்டும் என்று பொருளல்ல. வந்து சில மாதங்களோ சில ஆண்டுகளோ இருந்துவிட்டுப் போனவர்கள் பெருந்தொகையினர். அவர்கள் விட்டுப்போன வீட்டில் அடுத்த குடும்பம் ஏறியதால் கணக்கெடுப்பு நாளில் அவர்கள் தெரியமாட்டார்கள். வாடகையும் ரயில் கட்டணமும் ஒரு காரணம். தொடக்கத்தில் அருகே வேலை இல்லாதது மற்றொன்று: ஃபோர்டு மோட்டார் ஆலை 1931இல்தான் உற்பத்தியைத் தொடங்கியது, லண்டனின் டிஸ்டிரிக்ட் ரயில் பாதையின் மின்வண்டிகள் 1932இல்தான் டாகன்ஹாம் வழியாக அப்மின்ஸ்டர் வரை நீண்டன. அம்மாவும் தங்கைகளும் அடுத்த தெருவில் இருந்த வாழ்க்கையிலிருந்து பிரிந்து வந்த இளம் தாய்மாரின் தனிமை மூன்றாவது காரணம். அதை எண்ணால் நிறுவ முடியாது, ஆனால் பிரசவத்துக்கும் குழந்தைக் காய்ச்சலுக்கும் தோள் கொடுக்கப் பாட்டி இல்லாத ஊரின் நலத்தைப் பேசும்போது அதை விட்டுவிடவும் முடியாது.

மறுபக்கத்தில் லண்டன் கவுண்டியின் மக்கள்தொகை 1921இல் 44 லட்சத்து 84 ஆயிரமாக இருந்து 1931இல் 43 லட்சத்து 97 ஆயிரமாகக் குறைந்தது. பெத்னல் கிரீன் சுமார் 1 லட்சத்து 17 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 8 ஆயிரமாகச் சுருங்கியது. அங்கே அந்தப் பத்தாண்டிலும் பிறப்பு இறப்பை விஞ்சியே இருந்ததால், உண்மையில் வெளியேறியவர்கள் இந்த வித்தியாசத்தைவிட மிகப் பலர். இளம் குடும்பங்கள் போய்விட்ட இடத்தில் முதியவர்களின் பங்கு கூடியது. அதனால் மட்டுமே அங்கே இறப்பு வீதத்துக்கு மேல்நோக்கிய அழுத்தம் வந்தது. கிழக்கு லண்டனையும் டாகன்ஹாமையும் ஒரே மக்கள்தொகையின் இரு பாதிகளாக வைத்துப் பார்க்காதவரை, ஒன்று நலிகிறது, மற்றொன்று செழிக்கிறது என்ற தோற்றமே கிடைக்கும்.

இந்தக் காலகட்டத்தின் முடிவு ஆய்வாளர்களுக்குச் சாதகமாக அமையவில்லை. பிள்ளைப்பேறு பற்றிய கவலையால் 1938இல் மக்கள்தொகைப் புள்ளிவிவரச் சட்டம் வந்தது; அந்த ஆண்டு ஜூலை முதல் பிறப்பைப் பதியும்போது தாயின் வயதையும் முந்தைய குழந்தைகளையும் கேட்டறிந்தார்கள். இங்கிலாந்தின் பதிவு முறை 1837இலேயே தொடங்கியும், தாயின் வயதைக் கேட்க ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது. அடுத்த ஆண்டு போர். 1939 செப்டம்பர் முதல் நாளிலிருந்து டாகன்ஹாமின் பிள்ளைகளும் தாய்மாரும் ஃபோர்டு ஆலையின் படகுத் துறையிலிருந்து கிழக்குக் கடற்கரை நகரங்களுக்குக் கப்பலில் அனுப்பப்பட்டார்கள். நாடு முழுவதையும் பெயர் வாரியாகப் பதிந்த தேசியப் பதிவேடு செப்டம்பர் 29இல் எழுதப்பட்டது. ஆகவே குழந்தைகளால் நிரம்பிய ஊரில் குழந்தைகள் பலர் இல்லாத நாளின் கணக்கே நமக்குக் கிடைத்தது. 1941இல் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் மூலப் படிவங்களோ, 1942 டிசம்பரில் மிடில்செக்ஸின் ஹேய்ஸில் இருந்த கிடங்கில் ஏற்பட்ட தீவிபத்தில் எரிந்துபோயின. வெளியான அட்டவணைகள் உள்ளன. வீடு வீடாக, குடும்பம் குடும்பமாக அந்தப் புறநகர் உருவானதைப் படிக்கும் வாய்ப்பு போய்விட்டது.

ஒரே வயதினராக வந்தவர்கள் ஒரே வயதினராகவே மூப்படைந்தார்கள். டாகன்ஹாமின் மக்கள்தொகை 1951இல் சுமார் 1 லட்சத்து 14 ஆயிரம். 1961இல் சுமார் 1 லட்சத்து 8 ஆயிரம். வீடுகள் குறையவில்லை, பிள்ளைகள் வளர்ந்து வெளியேறினார்கள். பெகன்ட்ரீயில் வளர்ந்து மணமுடித்தவர்களுக்கு அங்கேயே தனி வீடு எளிதில் கிடைக்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு வீட்டிலும் ஐம்பது வயதைக் கடந்த அவர்களின் பெற்றோரே வாடகைதாரர்களாகத் தொடர்ந்தார்கள், காலியாகும் சில வீடுகளும் லண்டன் கவுண்டி கவுன்சிலின் காத்திருப்போர் பட்டியலுக்கே போயின. 1930களில் தாழ்ந்திருந்த இறப்பு வீதம், எவருடைய உடல்நலமும் கெடாமலேயே, இந்த மூப்பினால் உயர வேண்டியிருந்தது. அடுத்த தலைமுறைக் குழந்தைகளில் பலர் எசெக்ஸ் மாவட்டத்திலேயே இன்னும் வெளியே, 1947இல் அறிவிக்கப்பட்ட ஹார்லோ, 1949இல் அறிவிக்கப்பட்ட பாஸில்டன் போன்ற புது நகரங்களின் பதிவேடுகளில் பிறந்தார்கள்.